வெளியாளுக்கும் வெளியே: 'ஆல் த கிங்ஸ் மென்' நாவலை முன்வைத்து

ராபர்ட் பென் வாரனின் 'ஆல் த கிங்ஸ் மென்' 1946இல் வந்தது. அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு. 1949இல் படமாகி ஆஸ்காரும் வாங்கிற்று. எம்.ஏ. ஆங்கில வகுப்பில் மூன்று வாரம் இதை எங்களுக்கு நடத்தினார்கள். அதிகாரம் ஒரு மனுஷனை எப்படிக் கெடுக்கிறது, நல்லது செய்யக் கெட்டதைக் கையிலெடுக்கலாமா என்பதுதான் மூன்று வாரப் பேச்சும். தேர்விலும் அதே கேள்வி. நானும் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன்.

எங்கப்பா கொத்தனார். ஊரில் 'மேசன்' என்று கூப்பிடுவார்கள். சாமி அறைச் சுவர் வரைக்கும் அவர் கைதான் எழுப்பும். குடிபோகிற அன்றைக்கு வாசலுக்கு வெளியே நின்று வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அதனாலோ என்னவோ, பல வருஷம் கழித்து நாவலைத் திரும்பப் படித்தபோது அதிகாரமும் அறமும் பின்னுக்குப் போய்விட்டன. ஆரம்பப் பகுதியில் பேச்சுவாக்கில் வந்துபோகும் கறுப்புக் கொத்தனார்கள்தான் கண்முன் நின்றார்கள். வகுப்பில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதை இதுதான். அமெரிக்காவின் தெற்கே பெயர் சொல்லப்படாத ஒரு மாநிலம். அதில் மேசன் சிட்டி என்று ஒரு சிற்றூர் (பேரைப் பாருங்கள்!). பள்ளிக்கூடம் கட்ட டெண்டர் விடுகிறார்கள். குறைந்த தொகை கேட்டவன் வெளியூரிலிருந்து கறுப்புக் கொத்தனார்களைக் கூட்டிவருவான் என்று பேச்சு கிளம்புகிறது. கைத்தொழில் தெரிந்த கறுப்பன், தொழில் தெரியாத வெள்ளைக்காரனைவிடக் கூடுதல் கூலி வாங்கிவிடுவானே! ஊர் கொதிக்கிறது, கொதிக்க வைக்கிறார்கள். அந்தச் சாக்கில் டெண்டர் வேண்டப்பட்டவனுக்குப் போகிறது. செங்கல் வருவது கமிஷனர் ஒருவரின் சொந்தக்காரர் சூளையிலிருந்து. எதிர்த்துக் கேட்ட பொருளாளர் வில்லி ஸ்டார்க் பதவி இழக்கிறான். பிறகு ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்தின் அவசரப் படிக்கட்டு தரங்கெட்ட சுவரைப் பிய்த்துக்கொண்டு விழுந்து மூன்று குழந்தைகள் சாகிறார்கள். செத்த குழந்தைகளின் புண்ணியத்தில் வில்லி யோக்கியன் என்று பேரெடுக்கிறான். கவர்னர் தேர்தலுக்கு நிற்கிறான். அங்கே கவர்னர் என்பவர் நம்மூர் மாதிரி டெல்லியிலிருந்து அனுப்பப்படுகிறவர் இல்லை. ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சர் போல.

அவனை நிறுத்தியதே பட்டிக்காட்டு ஓட்டைப் பிரிக்கத்தான் என்று தெரிய வரும்போது வில்லி குடித்துவிட்டு மேடையேறுகிறான். நீங்களும் பட்டிக்காட்டான், நானும் பட்டிக்காட்டான், நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று கூட்டத்தை உலுக்குகிறான். பெரிய இடத்து ஆட்களுக்கு எதிரே ஒரு வெளியாள்! படிக்கும்போது நமக்கே கை தட்டத் தோன்றும். எழுத்து அப்படி.

கை தட்டுகிற அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்திருக்க முடியும்? வில்லிக்கு மாதிரியாகச் சொல்லப்படுகிற ஹூயி லாங் ஆண்ட மாநிலம் லூசியானா. அங்கே 1896இல் 1,30,334 கறுப்பர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1898இல் புது அரசியல் சட்டம் வந்தது. எழுத்தறிவு வேண்டும், இல்லையென்றால் சொத்து வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். தாத்தனுக்கு 1867க்கு முன் ஓட்டு இருந்திருந்தால் அந்த நிபந்தனை கிடையாது என்று வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஒரு சந்து விட்டார்கள். அடிமையின் பேரனுக்கு எந்தத் தாத்தன் ஓட்டுப் போட்டிருப்பான்? 1904இல் பட்டியலில் மிஞ்சியவர்கள் 1,342 பேர். 'மக்களின் கவர்னர்' என்று லாங் 1928இல் ஜெயித்தது இந்த மாதிரிப் பட்டியலை வைத்துத்தான்.

லாங் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தார், சாலையும் பாலமும் போட்டார், அவர் காலத்து இரவுப் பள்ளிகளில் கறுப்பர்களும் எழுத்துக் கூட்டினார்கள். 1934இல் ஓட்டுவரியை ஒழிக்கவும் அவர்தான் காரணம். ஏழை வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வாக்காளர் ஆனார்கள். கறுப்பருக்கு மற்ற பூட்டுகள் அப்படியே கிடந்தன. கொடுப்பார், வாங்கிக்கலாம், கேட்கத்தான் முடியாது. 1935இல் லாங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆக வெளியாள் என்கிறபோது எந்த வீட்டுக்கு வெளியே என்று கேட்க வேண்டியிருக்கிறது. வில்லி மாளிகைக்கு வெளியே நின்றவன், ஊருக்கு உள்ளேதான் இருந்தவன். அந்தக் கொத்தனார்கள் ஊருக்கே வெளியே. அவர்கள் வரக்கூடாது என்ற வெறுப்பில்தான் பிரதியே பிறக்கிறது. பிறந்ததும் அவர்களை மறந்துவிடுகிறது. அவர்கள் நாவலுக்குள் நேரில் வருவதுகூட இல்லை.

வாரன் இதை அறியாதவர் என்றும் தள்ளிவிட முடியவில்லை. நாவலின் நடுவே அடிமைக் காலத்துக் கிளைக்கதை ஒன்று வருகிறது. காஸ் மாஸ்டர்ன் என்பவன் நண்பனின் மனைவியோடு உறவு வைக்கிறான். விஷயம் அறிந்த நண்பன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். மோதிரத்தைக் கண்டெடுப்பவள் ஃபீபி என்ற அடிமைப் பெண். அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்வையைத் தாங்கமுடியாமலே எஜமானி அவளை விற்றுவிடுகிறாள். காஸ் தேடிப் போகிறான், கிடைக்கவில்லை. அதற்கப்புறம் குற்றவுணர்ச்சி காஸுடையது, தியாகம் காஸுடையது, நாட்குறிப்பும் காஸுடையது. ஃபீபி எங்கே விற்கப்பட்டாள், என்ன ஆனாள்? நாவலும் தேடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்த்த கண் அவளுடையது என்பதை எழுதியவர் வாரன்தானே. இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபமும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது.

1930இல் இதே வாரன் இனப் பிரிவினையை ஏற்றுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பிறகு அதிலிருந்து விலகினார். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், பால்ட்வின் என்று பலரையும் நேரில் பார்த்துப் பேசி 1965இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். பத்தொன்பது வருஷம் முந்திய நாவலில் பேசாமல் இருந்தவர்களின் குரல் அதில் கேட்கிறது. வாக்குரிமைச் சட்டம் வந்ததும் அந்த வருஷம்தான்.

இதை எழுத உட்கார்ந்தபோது எம்.ஏ. நோட்டைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் ஃபீபியின் பேர் இருக்கிறது. 'அடிமைப் பெண். தேர்வுக்கு முக்கியமில்லை.' கையெழுத்து என்னுடையதுதான்.