கடைமடைக்கு வராத அறிவிப்பு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் பட்டுக்கோட்டையில் கல்லூரி விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடும். 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று எழுதியிருந்தாலும் யாரும் அப்படியே நம்புவதில்லை. காசு கொடுத்துக் கட்டிய தட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பிள்ளை கைப்பேசியை எடுத்து, அதே கல்லூரியின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறக்கும்போதுதான் சந்தேகம் விலகிவிடுகிறது. யாரோ ஒரு தன்னார்வலர் ஆதாயம் பார்க்காமல் எழுதியதாயிற்றே!

அந்த நம்பிக்கை எப்படிக் கெடும் என்பதற்கு ஐ.ஐ.பி.எம். விவகாரமே சாட்சி. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களாகக் கொடுத்த மேலாண்மைக் கல்வி நிறுவனம் அது. எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற சொற்களையே விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று 2014 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதற்குள் ஆங்கில விக்கிப்பீடியாவில் அதன் பக்கத்தைப் பல ஆண்டுகளாக 'விஃபியோன்' என்ற புனைபெயர்க் கணக்கு செதுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குக்கு 2010இல் நிர்வாகி பொறுப்பும் கிடைத்தது. வேலிக்கே மேய்ச்சல் உரிமை! 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அந்தக் கணக்கைத் தடைசெய்தது. ஒருபக்கச் சார்பாகத் தொகுத்தது என்பதுதான் குற்றம். பணம் கைமாறியதா என்பது நிறுவப்படவில்லை. முகம் தெரியாத ஒருவர் காசு வாங்கினார் என்று எதை வைத்து நிறுவுவது?

இந்தச் சிக்கலைத் தெரிந்தே, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014 ஜூனில் தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'விக்கி-பி.ஆர்.' என்ற அமெரிக்க நிறுவனம் காசு வாங்கி மறைவாகத் தொகுத்ததைக் கண்டுபிடித்து 250க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியிருந்தார்கள். புதிய விதி, காசு வாங்கித் தொகுப்பதை அடியோடு தடுக்கவில்லை. யார் கொடுக்கிறார், யாருக்காக எழுதப்படுகிறது என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கூலியைக் குற்றமாக்காமல் மறைப்பதைக் குற்றமாக்கியதில் ஒரு நிதானம் இருக்கிறது. தன் நிறுவனத்தைப் பற்றிய பிழையைத் திருத்த வரும் ஊழியருக்கும் அது ஒரு நேர்வழியைத் திறந்துவைக்கிறது.

நேர்வழியில் வருபவருக்கு என்ன கிடைக்கிறது? தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் விண்ணப்பம், காத்திருப்பு, கூடவே சந்தேகப் பார்வை. பொய்யருக்குச் சில நிமிட வேலை. 2015 ஆகஸ்டில் வெளிப்பட்ட 'ஆரஞ்சுமூடி' கும்பல் இன்னும் ஒரு படி மேலே போனது. வரைவு நிராகரிக்கப்பட்ட சிறு வணிகர்களையும் கலைஞர்களையும் தேடிப்பிடித்து, பக்கத்தை வெளியிடக் காசு கேட்டது. பிறகு அதைப் 'பாதுகாக்க' மாதாமாதம் மாமூல் கேட்டது. 381 கணக்குகள் முடக்கப்பட்டு, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. கண்டுபிடித்தவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அவர்கள் கையும் பாதி கட்டப்பட்டதுதான்: ஒரு பயனரின் நிஜப் பெயரை வெளியிடக் கூடாது, கணக்குகளை ஒப்பிடும் தொழில்நுட்பத் தடயம் 90 நாளில் அழிந்துவிடும். அவசரக்காரன் அகப்படுவான், பொறுமைசாலி தப்பிப்பான்.

தமிழ் விக்கிப்பீடியா இதே கேள்வியை வேறு முனையிலிருந்து சந்தித்தது. 2009 வாக்கில் கூகுள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. வாக்கியங்களோ இயந்திரத் தமிழ். தலைப்புகளும் தமிழ் வாசகர் தேடக்கூடியவையாக இல்லை. பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதிலும் வராது. கூலி எழுத்து என்பதற்காகத் தமிழ்ப் பயனர்கள் விரட்டவில்லை. தலைப்பைச் சேர்ந்து தேர்வோம், பிழையைத் திருத்துங்கள் என்று நிறுவனத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். அந்த அனுபவத்தைத் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் எடுத்துவைத்தார். முதலாளி யார் என்று தெரிந்ததால்தான் இந்தப் பேரமே நடந்தது. எழுதியவரைத் துரத்துவதைவிட எழுத்தைச் சோதிப்பது அங்கே பலன் தந்தது.

சோதிப்பதற்கும் சான்று வேண்டும், அந்தச் சான்றே விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். தேர்தல் காலத்தில் காசுக்குச் செய்தி போடும் வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இலேயே ஆராய்ந்திருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து நாடகக் கலைஞரைப் பற்றி ஒருவர் ஆசையாக எழுதினால் 'நாளிதழ்ச் செய்தி எங்கே?' என்று கேட்பார்கள். விளம்பர நிறுவனம் வைத்திருப்பவரிடம் அப்படிப் பத்து நறுக்குகள் தயாராக இருக்கும். இந்த வடிகட்டி எளியவரைத்தான் முதலில் நிறுத்துகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மேட்டூர் அணை திறந்த செய்தி அன்றைக்கே பட்டுக்கோட்டைக்கு வந்துவிடும். தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியே கடைமடைக்கு வந்து சேர நாளாகும். விக்கிப்பீடியாவின் அறிவிப்பு விதியும் தலைமடையிலேயே தேங்கி நிற்கிறது. பணம் வாங்கியதைப் பயனர் பக்கத்திலோ, பேச்சுப் பக்கத்திலோ, தொகுப்புச் சுருக்கத்திலோ சொன்னால் போதும் என்கிறது விதி. மூன்றுமே தொகுப்பவர்கள் புழங்கும் இடம். ஆங்கில விக்கிப்பீடியாவில் மறைத்து எழுதியதாகச் சந்தேகம் வந்தால் கட்டுரையின் உச்சியிலேயே எச்சரிக்கைப் பட்டை தொங்கும். ஒழுங்காக அறிவித்துவிட்டு எழுதினால் பெரும்பாலும் வாசகர் கண்ணில் எதுவும் படாது. நாளிதழில் செய்தி போலவே அச்சாகும் விளம்பரத்தின் மூலையில் பொடி எழுத்திலாவது 'விளம்பரம்' என்று ஒரு சொல் இருக்கும். கல்லூரியைத் தேடும் அந்தப் பிள்ளையின் கைப்பேசித் திரையில் அதுகூட இல்லை.