அமராவதிநகரை நாமக்கல் கண்ணால் பார்ப்பது

"சொன்ன பேச்சு கேக்கலைன்னா மிலிட்டரி ஸ்கூல்ல கொண்டுபோய் போட்டுருவேன்." புதுச்சத்திரம் பக்கம் எங்க காலத்துப் பையன்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்போம். அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கும் என்று சொன்னவருக்கும் தெரியாது. ஏதோ ஜெயில் மாதிரி என்றுதான் நினைப்பு.

இப்போது மிரட்டல் போய் ஆசை வந்துவிட்டது. நாலாவது படிக்கிற பிள்ளைக்கே கோச்சிங் தேடுகிறார்கள். மதிப்பு கூடியது நல்லதுதானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சைனிக் பள்ளிகள் 1961இல் கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கியவை. உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதி அணைப் பக்கம் உள்ள பள்ளி 1962இல் வந்தது. ராணுவ அதிகாரிகள் சில மாநிலங்களிலிருந்தும் வசதியான குடும்பங்களிலிருந்துமே வருகிறார்கள், அந்தக் குறையைப் போக்கி, சாதாரண வீட்டுப் பிள்ளையையும் என்.டி.ஏ.வுக்குத் தயார் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். 2021 முதல் எல்லா சைனிக் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். இது உண்மையான மாற்றம், மறுக்கவில்லை.

ஆனால் நாம் அந்தப் பள்ளியைப் பார்க்கிற கண் எது? விடுதிப் பள்ளி, மார்க், சீட் என்று பல வருஷம் பழகிய நாமக்கல் கண். 2017இல் நீட் வந்தது, பிளஸ் டூ ரேங்க் அறிவிப்பும் நின்றது. புதுசாகத் துரத்த ஒரு சீட் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் 300க்கு 150 மதிப்பெண் கணக்குக்கு. பத்து வயசுப் பிள்ளையை அதற்கு உட்கார வைத்துத் தேய்க்க நம்மாளுங்களுக்குச் சொல்லியா தரணும்? கோச்சிங்குக்குக் காசு இருக்கிறவர் பிள்ளை முந்தும். எந்தக் குறையைத் தீர்க்கப் பள்ளி வந்ததோ, அதே குறை வாசலிலேயே திரும்ப வந்து நிற்கிறது.

அரசும் இதற்கு ஒத்தாசைதான். தனியார் பள்ளிகள், அறக்கட்டளைகள், மாநில அரசுகளோடு சேர்ந்து 100 புதிய சைனிக் பள்ளிகள் என்று 2021 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கூட்டுப் பள்ளிகளில் 40 சதவீத இடம், ஏற்கெனவே அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு வழியாக. அதாவது முதலில் அங்கே ஃபீஸ் கட்டிச் சேர முடிந்தவர்களுக்கு இன்னொரு கதவு.

பிள்ளைக்குப் பட்டாளத்து வாழ்க்கை பிடிக்குமா என்று பழைய மிரட்டலும் கேட்கவில்லை, புது ஆசையும் கேட்கவில்லை. போன வாரம் டீக்கடையில் ஒருத்தர், "ஆறாவதுல விட்டாச்சுங்க, ஒம்பதாவதுல சேத்திக்கலாமுங்களா?" என்றார். சேர்க்கலாம், அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். அவர் பையன் அரசுப் பள்ளியில் ஏழாவது, தமிழ் வழி.