கூடும் கோலமும்

போன வெசாக் பண்டிகைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகள், எங்கள் வாசலைப் பார்த்ததும் கேட்டாள்: "என்ன அண்ணே, நம்மாளுங்க வீட்டுல கோலத்தைக் காணோம், புத்தர் கூடு தொங்குது?" 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின்படி அந்தப் பக்கம் போன குடும்பம் அது, அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். சிரித்துக்கொண்டே கேட்டாலும் சுருக்கென்றது. பேச்சு கொரோனா காலத்துக்குத் திரும்பியபோது, முகக்கவசம் மாட்டிய பூமி, கை கழுவும் பெண் என்று தன் தெருப் பெண்கள் வாசலில் போட்ட கோலங்களைக் கைபேசியில் காட்டினாள். "நீங்கெல்லாம் என்ன செஞ்சீங்க?"

செய்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு கொழும்பில் மே மாதக் கடைசி வரை இழுத்தது. அந்த வருஷ வெசாக் மே 7. விளக்குப் பந்தல் இல்லை, தன்சல் என்னும் அன்னதானம் இல்லை, வெளிச்சம் பார்க்கப் போகும் கூட்டமும் இல்லை. அதற்கு முந்திய வருஷமும் அப்படித்தான். உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து நான்கு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனைக்கு அந்தக் கோயில் நடந்து போகும் தூரம். இரண்டாம் வருஷமும் எங்கள் குடியிருப்புத் தோட்டம் இருண்டு கிடந்தால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று முதலில் சொன்னது கீழ் வீட்டுச் சிங்கள அக்கா.

கூடு கட்டலாம் என்று முடிவானது. அட்டபட்டம் என்ற வெசாக் விளக்குக் கூட்டுக்கு மூங்கில் சிலாகை வேண்டும். ஆறு சதுரம் கட்டி, மூலையோடு மூலை சேர்த்து நூலால் இறுக்கினால், நடுவே எட்டு முக்கோணம் தானாக விழும். கடை எல்லாம் பூட்டு; மூங்கிலுக்கு எங்கே போவது? விளக்குமாற்றைப் பிரித்து, ஈர்க்கு மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டினோம். ஒற்றை ஈர்க்கு வளையும், மூன்று சேர்ந்தால் நிற்கும். ரிசுத் தாள் எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பம் தந்தது, அவர்கள் பையன் பட்டம் கட்ட வாங்கி வைத்திருந்தது. அவர்களுக்கு அப்போது நோன்பு மாதம். பசை காய்ச்ச எங்கள் வீட்டிலிருந்து கோதுமை மா. மா கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்கள் அவை. ஒரு கரண்டிக்கு மேல் என் மனைவி கொடுக்கவில்லை. ஆளுக்கு ஆள் கிட்டே போக முடியாததால் மேல் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். சட்டம் போகும், தாள் ஒட்டித் திரும்பி வரும். ஒரு கூட்டை நாலு வீடு தொட்டிருக்கும். வெசாக் இரவு மெழுகுதிரி ஏற்றியபோது யார் வீட்டுக் கூடு எது என்று யாரும் கேட்கவில்லை.

கோலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பச்சரிசி மாவை விரலிடுக்கில் விட்டு இழை பிசகாமல் இழுக்கும் கை சாதாரணக் கை அல்ல. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டு நடைபாதையிலும் போடுகிறோம், முற்றம் இல்லாத வீடு என்பதால் சிறிதாக. ஆனாலும் கோலம் அவரவர் வாசலோடு நிற்கிறது. பெருந்தொற்றில் சென்னைத் தெருக்களில் ஓவியர்கள் வீதியை அடைத்துத் தீட்டிய பிரம்மாண்டமான கிருமிப் படங்களும், கிருமி வடிவத் தலைக்கவசம் மாட்டி வாகனங்களை மறித்த பொலிஸ்காரரும் உலகச் செய்தியானார்கள். வீட்டுக்குள் இருக்கச் சொல்லிப் பயமுறுத்தின படங்கள் அவை. தேவைதான், ஆனால் வீட்டுக்குள் ஏற்கெனவே அடைந்து கிடப்பவர்களுக்கு அதில் ஆறுதல் என்ன? ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் ஏற்றிய விளக்கும் டில்லி சொல்லி ஏற்றியது. சென்னைக் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் 2020 தொடக்கத்திலிருந்து எழுந்த ஓவியங்கள் அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோய் விடப்பட்ட சனத்துக்கு நிறம் வந்தது நல்லதே. தங்கச்சி காட்டிய படங்களிலும் ஒரு தடவை பஸ்ஸில் போனபோதும் பார்த்தவரையில், தூரிகை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கலைஞர்களுடையது.

எங்கள் பக்கத்துச் சுவர்களும் நினைவுக்கு வரத்தான் செய்கின்றன. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்ததும் நாடு முழுக்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சுவருக்கு வண்ணம் பூசினார்கள். அந்த உற்சாகம் உண்மையானது. ராஜாக்களும் போர்வீரர்களும் நிறைய வந்தார்கள். எங்கள் முகங்களுக்கு அதில் அதிகம் இடமிருக்கவில்லை. தோட்டத்துக் கூட்டை அந்தச் சுவரோடு யாரும் சேர்த்து எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வெசாக் எங்களுக்கு வேறு ஊர்ச் சங்கதியும் அல்ல. பௌத்தக் கொடி முதன்முதலில் பொதுவில் ஏறியது 1885 வெசாக் அன்று, கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில். அதே கொட்டாஞ்சேனையில்தான் பொன்னம்பலவாணேசர் கோயிலும், லூசியாள் பேராலயமும். இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை கூடு கட்டப் பழகுவது, சென்னைப் பிள்ளை கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடுவதைவிட எந்த விதத்தில் குறைந்த தமிழ்த்தனம்?

அந்த 2020 ஒக்டோபரில் வடகொழும்பு மறுபடி முடங்கியது. தீபாவளி அதற்குள்ளேயே கழிந்தது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆகவேண்டும் என்ற உத்தரவு அதற்கும் முன்பே, ஏப்ரலிலிருந்து நடப்பில் இருந்தது. இருபது நாள் குழந்தையொன்றையும் எரித்த பிறகு, டிசெம்பரில் பொரளை மயான வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கியது. கோஷம் இல்லை, மேடை இல்லை. ஒரு முழத் துணி, ஒரு முடிச்சு, அடுத்தவருக்கு வழி. ரிசுத் தாள் தந்த வீட்டாரோடு எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள். தனியாக அழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த வேலி எவ்வளவு தெம்பு தந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கொரோனா காலத்தில் இந்தத் தீவில் அயலவர் கூடிச் செய்த கலைகளில் அதைத்தான் முதலில் வைப்பேன், கூட்டுக்கும் முன்னால். அடக்கம் செய்ய அனுமதி 2021 பெப்ரவரிக் கடைசியில் வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் மையித்துகளை அடக்கினார்கள்.