பென்சில் முனையில் ஒரு மடையான்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்தை அடுத்துள்ள ஊர் சேரப்பணஞ்சேரி. அவ்வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப்பணி பார்க்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் தம் ஓவியக் குறிப்பேட்டை என் முன் வைத்தார். அவருடைய தந்தையார் என்னிடம் ஓதியவர். ஏடு முழுவதும் விலங்குகளும் பறவைகளும். அனைத்தும் பென்சிலால் வரைந்தவை. "இது கூடுமா, ஹஜ்ரத்?" என்று மட்டுமே கேட்டார்.

நம்மவர்களிடையே ஓவிய விமர்சனம் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. 'இது நல்ல ஓவியமா?' என்னும் இரண்டாம் கேள்வியை நாம் எழுப்புவதில்லை. அதனை முறையாக எழுப்பினால் முதற்கேள்விக்கும் சிறிது வெளிச்சம் கிடைக்கும் என்பது என் கருத்து.

ஏட்டிலுள்ளவற்றில் பெரும்பாலானவை புலி, சிறுத்தை, கழுகு, அரபுக் குதிரை. கைப்பேசியில் கிடைத்த புகைப்படங்களின்மீது கட்டம் கட்டி, அவற்றைத் தாளில் பெரிதாக்கி வரைந்திருக்கிறார். மீசைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகிறது. கண்மணியில் ஒளிப்புள்ளி மின்னுகிறது. உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் அப்புலியின் முன்னங்கால் தோளோடு எவ்விடத்தில் பொருந்துகிறது என்று தேடினால் விடையில்லை. புகைப்படத்தில் நிழல் விழுந்து மறைந்த பகுதி ஓவியத்திலும் வெறும் கருமையாகவே நிற்கிறது. படக்கருவி காணாததை வரைந்தவரும் காணவில்லை.

ஏட்டின் இறுதிப் பக்கத்தில் ஒரு மடையான். பணி முடிந்து திரும்பும் காலையில் ஏரிக்கரையில் நின்று வரைந்ததாம். பத்துப் பதினைந்து கோடுகளுக்கு மேல் இல்லை; இறக்கைகள் முற்றுப்பெறவில்லை. ஆனால் தோள்களுக்கிடையே கழுத்தை இழுத்துக்கொண்டு அப்பறவை காத்திருக்கும் நிலை அதில் வந்துவிட்டது. அவரோ அப்பக்கத்தைக் காட்டக் கூச்சப்பட்டு, ஏட்டை மூடப் பார்த்தார்.

பென்சிலை அரபியில் 'கலம் ரஸாஸ்', அதாவது ஈயக்கோல் என்கிறோம். தமிழிலும் அதன் கருமுனையைக் காரீயம் என்பார் உண்டு. இரு மொழிகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. அதில் ஈயம் இல்லை. இருப்பது கிராஃபைட் என்னும் கரிமப் படிவம். நம் சிவகங்கைப் பகுதியிலும் அது வெட்டியெடுக்கப்படுகிறது. அதைக் களிமண்ணோடு கலந்து சுட்டு, கடினமும் மென்மையும் வேண்டிய அளவில் அமைக்கும் முறைக்கு 1795இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் கோடு வெளிறிக் கூர்மையாகும். குறைந்தால் கறுத்துக் குழையும். எவ்வளவு கறுத்தாலும் அழுத்தித் தேய்த்த இடம் பளபளக்கும் என்பது இதன் குறை. காகத்தையும் கரடியையும் பென்சிலால் வரைவோர் இதனால் இடர்ப்படுவர். யானைத்தோலின் சுருக்கம், மானின் வயிற்றோரம், கொக்கின் வெண்மை ஆகியவற்றுக்கோ இதனினும் ஏற்ற கருவி அரிது. கொக்கை வரைவோன் கொக்கைத் தொடவே தேவையில்லை. சுற்றியுள்ள தாளை நிழலாக்கினால் வெண்மை தானே எழும்.

இஸ்லாமியக் கலை மரபில் உயிரின ஓவியத்துக்குத் தனி வரலாறு உண்டு. இப்னு பக்தீஷூவின் 'மனாஃபிஉல் ஹயவான்', கஸ்வீனியின் 'அஜாயிபுல் மக்லூகாத்' ஆகியவற்றின் சித்திரப் பிரதிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. இந்தியாவில் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர், 'நாதிருல் அஸ்ர்' எனப் பட்டம் பெற்றவர். 1621இல் அவையை வந்தடைந்த வரிக்குதிரையைக் கண்டவர்கள், அவ்வரிகள் மனிதர் தீட்டியவையோ என ஐயுற்றனராம். மன்சூர் தீட்டிய அதன் ஓவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாட்னாவைச் சேர்ந்த ஷெய்கு ஜைனுத்தீன், 1777 முதல் கல்கத்தாவில் இம்பே சீமாட்டி வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தார். இவர்கள் தூரிகையாளர்கள், பென்சில் ஓவியர்கள் அல்லர். எனினும் வண்ணத்தை மனத்தால் நீக்கிவிட்டுக் கோட்டை மட்டும் நோக்கினால், எலும்பு எங்கே முடிந்து இறகு எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்த கைகள் அவை என்பது புலனாகும். ஜைனுத்தீனின் பறவைகள் சில, கிளையில் ஆணியடித்தாற்போல் விறைத்து நிற்பதையும் சொல்லியாக வேண்டும். கூண்டில் கண்டவற்றுக்குக் கூண்டின் விறைப்பு வந்துவிடுகிறது.

அந்த விறைப்பைத் தவிர்த்தவர் நம் மா. கிருஷ்ணன் (1912 – 1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும்வரை எழுதிய இயற்கைக் கட்டுரைகளுக்குத் தாமே கறுப்பு வெள்ளைச் சித்திரம் தீட்டினார். அரிய விலங்குகளை மட்டும் தேடிப் போகாமல், அணிலையும் காகத்தையும் ஆட்டையும் அதே கவனத்தோடு நோக்கியவர். சேரப்பணஞ்சேரி இளைஞருக்கு நான் முதலில் சொன்ன பெயர் அவருடையதுதான்.

இனி முதற்கேள்வி. ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் பணியன்று. உயிருள்ளவற்றின் உருவத்தை இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையோர் தடுத்திருப்பதையும், நிழல் விழும் சிலைக்கும் தாளில் படிந்த உருவுக்கும் மாலிக்கி மத்ஹபினர் வேறுபாடு காண்பதையும், துணியில் அமைந்த சித்திர வேலைப்பாட்டுக்கு விலக்களிக்கும் அபூதல்ஹா (ரலி) அறிவிப்பையும் வாசகர்கள் அறிவர். நான் இங்கே கருதுவது அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழியில் வரும் ஒரு சொல்லை: 'முளாஹாத்'. இறைவனின் படைப்புக்கு நிகராகச் செய்ய முற்படுதல் என்பது அதன் பொருள். இச்சொல்லை அளவுகோலாகக் கொண்டு அவ்வேட்டை மீண்டும் புரட்டினேன். 'உயிரோடு இருப்பதுபோலவே இருக்கிறது' என்னும் பாராட்டை நாடி மயிர் மயிராகத் தீட்டப்பட்ட புலி, அச்சொல்லுக்கு மிக நெருங்கி நிற்கிறது. பாதியில் நின்றுவிட்ட மடையானோ, தன்னால் இயலாததை ஒப்புக்கொள்கிறது. அது பறவையைச் செய்யவில்லை, பறவையைப் பார்த்திருக்கிறது. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்று அவர்கள் பார்க்க வேண்டாமா என 'அல்ஃகாஷியா' அத்தியாயம் வினவும்போது அங்கு ஆளப்படும் வினையும் 'நளர்' என்னும் வேரிலிருந்து வந்ததே. இந்த வேறுபாட்டைச் சட்டவிதியாக ஏற்க ஃபுகஹாக்கள் தயங்கலாம். ஓவியத்தை மதிப்பிடுவதற்கு இது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், மாணவன் ஒருவனின் படக் குறிப்பேட்டை வாங்கி, ஒரு பக்கமும் புரட்டாமல் கிழித்திருக்கிறேன். அதில் புலி இருந்ததா, மடையான் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

இளைஞரின் வீட்டிலிருந்து அதே சாலையில் கிழக்கே சென்றால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அதன் மூலமான சென்னை விலங்கியல் பூங்காவை 1855இல் அமைத்த எட்வர்டு பால்ஃபர், சென்னையில் முஹம்மதன் பொது நூலகம் தோன்றவும் காரணமாயிருந்தவர். கர்நாடக நவாபு தம் விலங்குகளை வழங்கியதும் அவர் கேட்டுக்கொண்டதால்தான். விடுமுறை நாளில் அங்கே போய், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஒரே விலங்கின் முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றேன். தலையசைத்தார்.

அடுத்த மாதம் வந்தபோது ஏட்டில் வண்டலூர் இல்லை. மீண்டும் ஏரிக்கரை மடையானே இருந்தது, ஆறு பக்கங்களில். முதல் மூன்றில் காலின் நடு வளைவை முழங்கால் என நினைத்து வரைந்திருந்தார். உண்மையில் அது பறவையின் கணுக்கால். நான்காம் பக்கத்தில் அது சரியாகியிருந்தது. முந்தியவற்றை அவர் அழிக்கவில்லை.