நிறையும் எடையும்: கேரள எல்லைப்புறத் தமிழ்வழி மாணவரும் இயற்பியல் கலைச்சொற்களும்

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் பழைய கொச்சி அரசைச் சேர்ந்த சித்தூர்ப் பகுதியும் கேரளத்தில் அமைந்தன. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு ஆகிய ஊர்களிலும், பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் ஆகிய ஊர்களிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் திரளாக வாழ்கின்றனர். இவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கேரள அரசின் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் பயில்கின்றனர். எல்லைச் சிக்கலின் அரசியல் பக்கம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. அம்மாணவர் விசையையும் ஆற்றலையும் எந்தத் தமிழில் கற்க வேண்டும் என்ற வினா அத்துணை கவனம் பெறவில்லை.

தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்தல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. அப்பிரிவின் எல்லை தொடக்கநிலையோடு முடிகிறது. இயற்பியலின் அடிப்படைக் கருத்துகள் முறையாகத் தொடங்குவதோ அதன் பின்னர்தான். கேரளத்தில் மேல்நிலை அறிவியல் பெரும்பாலும் ஆங்கிலவழியில் கற்பிக்கப்படுகிறது. பொள்ளாச்சிக்கோ போடிநாயக்கனூருக்கோ சென்று படிப்பைத் தொடரும் மாணவர் தமிழகப் பாடநூலின் சொற்களை எதிர்கொள்வர். ஆகவே எல்லைப்புற மாணவர் தமிழில் இயற்பியல் கற்பதற்குக் கிடைப்பவை சில ஆண்டுகளே. அந்தச் சில ஆண்டுகளில் சொல் குழப்பினால் கருத்தும் குழம்பும்.

இவ்வெல்லையில் இரண்டு சொற்றொகுதிகள் நேராகச் சந்திக்கின்றன. ஒன்று தமிழகத்தில் வழங்குவது: விசை, ஆற்றல், திசைவேகம், முடுக்கம், உந்தம், நிலைமம். மற்றொன்று மலையாளத்தில் வழங்குவது: பலம், ஊர்ஜம், பிரவேகம், த்வரணம், ஆக்கம், ஜடத்வம். பின்னதில் பெரும்பாலானவை வடமொழிச் சொற்கள். இவ்வேறுபாட்டிற்கு வரலாறு உண்டு. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த கலைச்சொற்குழு வடமொழிச் சார்பை மேற்கொண்டபோது தமிழறிஞர்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு தமிழகப் பாடநூல்களின் பிற்காலப் போக்கைப் பெரிதும் வகுத்தது எனலாம். மலையாளத்தில் அத்தகைய தடை எழவில்லை. 1968இல் தோன்றிய கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டின் வெளியீடுகளிலும் வடமொழிக் கலைச்சொற்கள் இயல்பாக இடம்பெற்றன.

மலையாளச் சொல்லை எழுத்துப்பெயர்த்துத் தமிழ் நூலில் வைத்துவிட்டால் வகுப்பறையில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எளிது என்று கருதுவோர் உளர். இக்கருத்து மேலோட்டமானது. மலையாள இயற்பியலில் 'பலம்' என்பது விசை. தமிழில் அது வலிமை. வலிமை ஒருவரிடம் இருப்பது. விசையோ ஒரு பொருளின்மீது மற்றொரு பொருள் செலுத்துவது. 'பந்தின் பலம்' என்று எழுதும் தமிழ் மாணவர் பந்துக்குள் ஏதோ ஒன்று தங்கியிருப்பதாகவே எண்ணுவர். நியூட்டனின் மூன்றாம் விதியை உணரவிடாமல் தடுக்கும் பழைய தவறு இதுவே. 'ஆக்கம்' இன்னும் ஏமாற்றும் சொல். மலையாளத்தில் அது உந்தத்தைக் குறிக்கிறது. தமிழ்ச் செவிக்கு ஆக்கம் என்பது செல்வம், உருவாக்கம். இரு மொழிக்கும் பொதுவான திராவிடச் சொல்லாக இருப்பதனாலேயே அது மாணவரை எச்சரிப்பதில்லை. முற்றிலும் அயலான சொல், 'எனக்குப் பொருள் தெரியவில்லை' என்று மாணவரைச் சொல்லவாவது வைக்கும். 'ஆக்கம்' அதையும் செய்யாது.

எனில் தமிழகச் சொற்கள் அனைத்தும் குறையற்றவையா? அவற்றையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஏற்ற உரைகல் இணைச்சொற்களாகும். இயற்பியலின் தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் உலகவழக்கில் ஒன்றாகக் கிடக்கும் இரண்டைப் பிரித்துக் காட்டும் பாடங்களே.

நிறை–எடை இணையை முதலில் நோக்கலாம். தமிழகத்தில் நிறை என்பது பொருளின் அளவு, கிலோகிராமில் கூறப்படுவது. எடை என்பது புவி அப்பொருளை ஈர்க்கும் விசை; நியூட்டனில் கூறப்படுவது. இலங்கைத் தமிழில் முன்னதற்குத் திணிவு என்றும், பின்னதற்கு நிறை என்றும் வழங்குகின்றனர். ஒரே சொல் கடலின் இரு கரைகளில் இரு வேறு அளவுகளைச் சுட்டுவது கலைச்சொல் ஒருமை பேசுவோர் விடுவிக்க வேண்டிய முடிச்சு. இவற்றுள் எது பொருந்தும்? நிறை என்பது 'நிறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் தொகைமரபு அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் வேறாக வைத்து எண்ணும் அளவுக்கு அது பழஞ்சொல். நிறுத்தல் துலாக்கோலின் செயல். துலாக்கோல் ஒரு தட்டிலுள்ள பொருளை மறுதட்டிலுள்ள படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு தட்டிற்கும் ஒன்றாதலால் நிலவிலும் அது அதே விடையைத்தான் தரும். எடை என்பது 'எடு' என்பதன் அடியாகப் பிறந்தது. தூக்கும்போது கை உணர்வது. நிலவில் அவ்வுணர்வு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். சொற்பிறப்பே இயற்பியலை விளக்கும் இத்தகைய இணை வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று. இணையை வகுத்தோர் இதை எண்ணி வகுத்தனரோ இல்லையோ, பாடநூல் இதைப் பயன்படுத்தாமல் இரண்டு வரையறைகளை அடுத்தடுத்து அச்சிட்டு நகர்வது பெருங்குறை. மலையாளத்தில் எடைக்கு வழங்கும் 'பாரம்' தமிழில் சுமை என்று பொருள்படுதலின், இங்கு மட்டும் அண்டைமொழிச் சொல் மாணவருக்குத் துணையே செய்யும்.

வேகம்–திசைவேகம் என்ற இணையும் வெற்றியே. போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவில் பேருந்து ஒரே வேகத்தில் திரும்புகிறது எனக் கொள்ளலாம். வேகமானி முள் அசையவில்லை. ஆயினும் பயணியின் உடல் ஒருபுறம் சாய்கிறது. திசை மாறியமையால் திசைவேகம் மாறிற்று. திசைவேகம் மாறினால் முடுக்கம் உண்டு. சொல்லுக்குள்ளேயே 'திசை' நிற்பதால் மாணவர் காரணத்தைத் தாமே கண்டுகொள்வர். 'பிரவேகம்' என்ற சொல்லில் அந்த உதவி இல்லை. இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்துப் பிள்ளைக்கு ஓடும் தொடர்வண்டியை எடுத்துக்காட்டாகத் தருவதைவிட இவ்வளவு அருகிலுள்ள வளைவைக் காட்டுவது அறிவுடைமை.

ஆற்றல்–திறன் இணையில் தமிழகச் சொற்கள் தளர்கின்றன. இரண்டும் உலகவழக்கில் ஒரே பொருளன. 'ஆற்றல்மிக்கவர்', 'திறன்மிக்கவர்' என்பவற்றிடையே வேறுபாடு காண்பவர் அரியர். இலங்கையினர் சக்தி, வலு என்பர். அவையும் இக்குற்றத்தினின்று தப்பவில்லை. இங்குச் சொல்லால் ஆகாததை எடுத்துக்காட்டே செய்ய வேண்டும். சித்தூர் வட்டத்து உழவர் அறிந்த மோட்டார் போதும். 5 எச்.பி. மோட்டாரும் 10 எச்.பி. மோட்டாரும் ஒரே கிணற்றிலிருந்து ஒரே தொட்டியை நிரப்பினால், நீரை உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஒன்றே; திறன் இருமடங்காயின் நேரம் பாதியாகும். இடுக்கிப் பகுதிக்கு மூலமற்றம் மின்நிலையம் உண்டு. அதன் 780 மெகாவாட் என்பது திறன். வீட்டு மின்கட்டணச் சீட்டிலுள்ள 'யூனிட்' என்பது ஆற்றல். ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல். இவ்விரண்டையும் செய்தித்தாள்களே குழப்பி எழுதும்போது மாணவரைக் குறைகூறுவதில் பயனில்லை.

'அழுத்தம்' குறித்துச் சிறிது கூறலாம். தமிழகத்தில் நீர்மத்தின் அழுத்தத்திற்கும் மின்னழுத்தத்திற்கும் ஒரே சொல்லே அடியாக நிற்கிறது. இலங்கை வழக்கு முன்னதை அமுக்கம் எனப் பிரித்துக்கொண்டது, அது பின்பற்றத்தக்கது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் வளியமுக்கம் குறைவதால் நீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் வெந்த நேரத்தில் அங்கே சோறு வேகாது. இரு எல்லைப் பகுதிகளையும் ஒரே பாடத்தில் இணைக்க இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

மிகவும் சிக்கலானது 'வேலை'. விசையும், அவ்விசையின் திசையில் நிகழும் இடப்பெயர்ச்சியும் பெருகுவதே இயற்பியலில் வேலை. 20 கிலோகிராம் கொழுந்துச் சுமையோடு சமதரையில் சீராக நடப்பவர் ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை இவ்வரியை வாசிக்கும்போது என்ன நேரும்? அப்பிள்ளையின் வீட்டில் வேலை என்பது நாட்கூலி. விடிந்ததும் தாய் 'போகும்' இடம். மலையாளத்தில் இவ்விடர் குறைவு. கூலிக்குச் செய்வது அங்கு 'ஜோலி' அல்லது 'பணி'. இயற்பியலுக்கு உரியது 'பிரவிருத்தி'. தமிழ் இரண்டிற்கும் ஒரு சொல்லையே வைத்துக்கொண்டது. அதனை இனி மாற்றுதல் அரிது. புதுச்சொல் புனைந்தால் தமிழகத்திற்குச் செல்லும் மாணவர் தனிப்படுவர். பாடநூல் செய்யக்கூடியது, வரையறைக்கு முன்பே அத்தாயின் களைப்பை ஏற்றுக்கொள்வது. சுமையைத் தாங்கி நிற்கும் தசைநார்கள் இடைவிடாது சுருங்கித் தளர்கின்றன. உணவிலிருந்து பெற்ற ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. ஆகவே களைப்பு மெய். கணக்கிடப்படுவது மட்டும் வேறு. அதே சுமையோடு சரிவில் 30 மீட்டர் உயரம் ஏறிக் கொழுந்து நிறுக்கும் இடத்தை அடைந்தால், சுமையை உயர்த்தச் செய்த வேலை 5880 ஜூல். ஏறியவரின் உடல் நிறை 50 கிலோகிராம் எனில் அதற்குத் தனியே 14,700 ஜூல். தராசு அங்கே காட்டுவது 20 கிலோகிராம் மட்டுமே.