பெயர் உள்ள எலும்புக்கூடு

2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ சிட்டி தெருவில் ராட்சச எலும்புக்கூடுகள் ஊர்வலம் போக, மண்டையோட்டு முகமூடியோடு ஜேம்ஸ் பாண்ட் நடந்து வருவார். அசத்தல் காட்சி. ஒரே சிக்கல்... அப்படியொரு பிரமாண்ட ஊர்வலம் அந்த ஊரில் அதுவரை நடந்ததே இல்லை! படம் பார்த்துவிட்டு வரும் டூரிஸ்ட்டுகள் ஏமாறக்கூடாதே என்று 2016-ல் நிஜமாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அசல் விழா நவம்பர் 1, 2 தேதிகளில் வீட்டிலும் கல்லறையிலும் நடப்பது. செண்டுமல்லி, மெழுகுவத்தி, போட்டோ, பிடித்த சாப்பாடு. விருந்தாளி யார்? செத்துப்போனவர்தான்.

2017-ல் வந்த 'கோகோ' இதைச் சரியாகப் பிடித்தது. வீட்டில் உங்கள் போட்டோ இல்லையா, பூப்பாலத்தைத் தாண்டி வர முடியாது. உயிரோடிருக்கும் கடைசி ஆளும் மறந்துவிட்டால் இரண்டாவது சாவு. குழந்தைகள் படத்தில் எவ்வளவு பெரிய விஷயம்! (இதே டிஸ்னி, விழாவின் பெயரையே டிரேட்மார்க் பண்ண 2013-ல் மனு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது தனிக் கதை.)

பாண்ட் படத்து எலும்புக்கூடுகள் வெறும் அலங்காரம். 'கோகோ'வில் எலும்புக்கூட்டுக்கு எக்தோர் என்று பெயர் இருக்கிறது. அப்பா என்று கூப்பிட ஒரு கிழவியும் இருக்கிறாள்.