திரைக்குப் பின்னால் ஒரு தாய்

பிறருடைய வாழ்க்கையை எழுதப் புகுவோருக்கு இரு சோதனைகள் உண்டு. ஒன்று வெறுப்பு, மற்றொன்று பரிவு. சீனத்தின் பேரரசித் தாய் ட்சுஷியைப் பற்றிய நூல்களில் இவ்விரண்டின் விளைவையும் காணலாம்.

அவரது வாழ்வின் போக்கு தெளிவானதே. 1835இல் மஞ்சூ குலமொன்றில் பிறந்த அவர், 1852இல் பேரரசர் சியென்ஃபெங்கின் துணைவியருள் கீழ்ப்படியினராக அரண்மனை புகுந்தார். ஆசைநாயகி என்னும் நம் சொல் சுமக்கும் இழிவு அங்கே இல்லை. அது படிநிலையும் ஊதியமும் உடைய அரண்மனைப் பதவி. 1856இல் அவர் ஈன்ற மகவே பேரரசருக்குப் பிழைத்து வளர்ந்த ஒரே மகன். ஆயினும் முறைமைப்படி அம்மகனுக்கு முதல் தாய் பட்டத்தரசியே, பெற்றவர் இரண்டாமவர்.

1861இல் பேரரசர் மறைந்தபோது, ஐந்து வயதுச் சிறுவன் அரியணை ஏறினான். எண்மர் ஆட்சிக் காப்பாளராயினர். அரசாணைகளுக்கு இரு முத்திரைகள் தேவைப்பட்டன. ஒன்று பட்டத்தரசியிடம் இருந்தது. சிறுவனுக்குரிய மற்றொன்றைப் பெற்ற தாய் வைத்திருந்தார். பட்டத்தரசியோடும் இளவரசர் கோங்கோடும் கைகோத்து, அவ்வாண்டு நவம்பரில் அவர் காப்பாளரை வீழ்த்தினார். சுஷுன் என்பவரின் தலை வெட்டப்பட்டது. வேறு இருவர் தற்கொலை செய்துகொள்ளப் பணிக்கப்பட்டனர். அதன்பின் திரைக்குப் பின்னால் அமர்ந்து அரசு நடத்தினார். 1875இல் மகன் இறக்கவே, தம் தங்கையின் மூன்று வயது மகன் குவாங்ஷுவை அரியணையில் அமர்த்தினார். 1908இல் இறக்கும்வரை, இடையிடையே ஒதுங்கியிருந்தாலும், அதிகாரம் அவரைவிட்டு நெடுந்தொலைவு சென்றதில்லை.

இவ்வாழ்க்கையை மேலைநாட்டாருக்கு முதலில் விரிவாக எழுதிக்காட்டியவர்கள் பிளாண்டும் எட்மண்ட் பேக்ஹவுசும். 1910இல் வெளிவந்த அவர்களது நூல், சிங்ஷான் என்னும் அரண்மனை அதிகாரியின் நாட்குறிப்பு ஒன்றைத் தன் அரிய சான்றாகக் கொண்டது. அந்நாட்குறிப்பு பொய்யாகப் புனையப்பட்டது என்பதை அறிஞர்கள் பின்னர் நிறுவினர். பேக்ஹவுசின் வாழ்நாள் முழுவதுமே இத்தகைய புனைவுகளால் நிறைந்தது என்பதை 1976இல் வரலாற்றாசிரியர் ஹ்யூ டிரெவர்-ரோப்பர் விரிவாக எடுத்துரைத்தார். இறுதிக் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த பின்னரும், 1943இல் எழுதிய நினைவுக் குறிப்புகளில் முதிய பேரரசியைத் தம் காதலியாகவே காட்டத் துணிந்தார் அவர். சூழ்ச்சியும் காமமும் நஞ்சும் கலந்த ஒரு பெண்ணுருவம் உலகின் மனத்தில் பதிந்ததற்கு இவ்வெழுத்துகள் பெரிதும் காரணமாயின.

இதற்கு மறுதலையாக வந்தது 2013இல் யுங் சாங் எழுதிய வரலாறு. சீன மொழி ஆவணங்களை நிரம்பப் பயன்படுத்திய அந்நூல், பெண்களின் பாதம் கட்டும் வழக்கத்திற்கு எதிரான 1902ஆம் ஆண்டு ஆணையையும், பழைய அரசுத்தேர்வு முறை 1905இல் ஒழிக்கப்பட்டதையும் முன்னிறுத்தி, நவீன சீனத்தைத் தொடங்கிவைத்தவர் அவரே என்கிறது. நூலாசிரியர் கொடுமைகளை மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கொடுமைக்கும் ஒரு நியாயத்தை அருகிலேயே வைத்துவிடுகிறார். வழக்குரைஞருக்கு அது அழகு, வரலாற்றாசிரியருக்கு அன்று.

நமக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. 1900ஆம் ஆண்டு ஜூன் 21இல் அந்நிய நாடுகள்மீது போர் தொடுக்கும் ஆணை அவரது அரசவையிலிருந்தே பிறந்தது. பாக்சர்கள் எனப்பட்ட கிளர்ச்சியாளருக்கு அரசின் ஆதரவு கிடைத்தது. ஜூலை 9 அன்று தையுவான் நகரில் ஆயர்கள் கிராசியும் ஃபொகொல்லாவும் தம்மவரோடு ஆளுநர் யூஷியெனின் ஆணையால் கொல்லப்பட்டனர். பீக்கிங்கின் வடகோவிலில் ஆயர் ஃபாவியேயுடன் 3,000க்கும் மேற்பட்டோர் வாரக்கணக்கில் முற்றுகைக்குள் கிடந்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1இல் புனிதர்களாக உயர்த்திய சீன மறைசாட்சியர் 120 பேருள் பெரும்பாலோர் அக்கிளர்ச்சியில் மாண்டவர்களே. தோல்விக்குப் பின், 1901இல், யூஷியெனின் தலை வீழ்ந்தது. பேரரசியோ அரண்மனைக்குத் திரும்பினார்.

இக்குருதியை எந்தப் பரிவும் துடைத்துவிட முடியாது. ஆனால் நம்மவரைக் கொன்ற ஆட்சி என்பதற்காகப் பேக்ஹவுசின் பொய்களை நாம் வரவேற்கலாமா? பொய்ச்சான்றை விலக்கும் கட்டளை நம் நண்பருக்கு மட்டும் உரியதன்று, பகைவருக்கும் உரியது. பட்டத்தரசிக்கு அவர் நஞ்சிட்டார் என்பதற்குச் சான்றில்லை, அதைச் சொல்லக்கூடாது. குவாங்ஷுவின் உடலில் கொல்லும் அளவு ஆர்சனிக் இருந்ததென 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவர் இறந்தது பேரரசி இறப்பதற்கு முந்திய நாள். ஐயம் வலுவானது, ஆயினும் நஞ்சிட்ட கை யாருடையது என்பதை அச்சோதனை சொல்லவில்லை. போர் ஆணைக்கோ சான்று உண்டு. அதை உரக்கச் சொல்லவேண்டும்.

மகனின் பெயரால் ஆள மட்டுமே உரிமை பெற்ற ஒரு தாய், அந்த உரிமையைக் காத்துக்கொள்வதையே வாழ்வாக்கினார். அந்தப்புரத்தின் அமைப்பு அவருக்கு வேறு வழி விடவில்லை என்பது உண்மை. அந்த வழியில் பிறர் உயிர் மிதிபட்டது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் துணிவுள்ள நூலே அவருக்கும், மாண்டோருக்கும் நீதி செய்யும்.